பிரிட்ஜுக்குப் போட்ட மாலை

எங்கள் கேம்பர் வேனில் உள்ள, கேஸ் நெருப்பில் ஓடும் பிரிட்ஜ் இன்று காலையிலிருந்து குளிரவே இல்லை. சாயங்காலம் போர்ட் டிக்சன் கடற்கரைக்குப் பயணம். மசாலா தடவிய இரண்டு கோழிகள் காத்திருந்தன.

கேஸ் தோங்கை, அதாவது சிலிண்டரை, மாற்றினேன். நெருப்பு நன்றாகத்தான் எரிந்தது. வேனை விற்றவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

கிள்ளானிலிருந்து வந்த மெக்கானிக் அண்ணன் வேனை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சிரித்தார்.

"பாஸ், பிரிட்ஜ் சூடு வெளிய போற கம்பி ஜன்னலை மாலை போட்டு மூடிட்டீங்க. எப்படி குளிரும்லா?"

நேற்று வண்டிப் பூஜையில், பிரிட்ஜும் மெஷின்தானே என்று வெளியே தெரிந்த அதன் கம்பி ஜன்னலுக்கும் கனமான சாமந்தி மாலை போட்டவன் நான்தான்.

"கழட்டிடுங்கண்ணே."

"சாமி மாலைலா பாஸ். நான் தொட மாட்டேன்."

கடைசியில் என் மனைவி கும்பிட்டுக் கழற்றினாள்.

மூன்று மணி நேரத்தில் பிரிட்ஜ் ஜில்லென்று ஆனது. கோழியோடு போய்த் திறந்தேன். உள்ளே மாலை!

"வாடிடும்ல, அதான் வெச்சேன்" என்றாள். "சாமி மாலை பக்கத்துல கோழியா வைப்பீங்க?"

நண்பர்களே, நம்ம பிரிக்பீல்ட்ஸில் யாரிடமாவது ஐஸ் பெட்டி இருந்தால் எனக்கு உடனே பதில் ஈமெயில் போடுங்கள். கோழிகள் என் மடியில் இருக்கின்றன.