செந்தூரான் மாற்றிக் கொடுத்த சட்டை

பஸ் ஹாரன் கேட்டால் இன்றைக்கும் எனக்கு வேலை ஓடாது. கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, அடுத்து என்ன சத்தம் வருமோ என்று காது கொடுத்து நிற்பேன். அப்படிப்பட்ட பயந்தாங்கொள்ளி நான். அந்தப் பயத்துக்குள்ளே திருச்செந்தூர் முருகன் வந்து நின்றதை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் ஏரலுக்குப் பக்கம். வீட்டுக்காரர் வாழை இலை வியாபாரம். முந்தின நாள் அறுத்த இலையைக் கட்டுக் கட்டாகச் சைக்கிளில் ஏற்றி, விடியும் முன்னே புறப்பட்டு ஸ்ரீவைகுண்டம் ஓட்டல்களுக்குக் கொண்டுபோய்ப் போடுவார். பின்னால் அவர் முதுகை மறைக்கிற அளவுக்குக் கட்டு இருக்கும். ஆற்று மணல் லாரியும், ஒன்றையொன்று முந்துகிற பஸ்ஸும் அதே ரோட்டில்தான். ரெண்டு பக்கமும் வாழைத்தோப்பு.

தொண்ணூற்றைந்தாம் வருஷம் ஆடி மாதம் எங்கள் மகள் வள்ளிக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று வயதுப் பிள்ளை கண்ணே திறக்கவில்லை. அவர் திருச்செந்தூர் இருக்கும் திசையைப் பார்த்து விழுந்து கும்பிட்டார். பிள்ளை பிழைத்தால் ஆவணித் திருவிழாவில் மாலை போட்டு, மாசித் திருவிழா வரைக்கும் பச்சை உடுத்துவதாக நேர்ந்துகொண்டார். சண்முகர் பச்சைப் பட்டும் பச்சை மாலையுமாக எழுந்தருளும் பச்சை சாத்தி அன்றைக்கு மாலையைக் கழற்றுவது என்று கணக்கு. பிள்ளை பிழைத்தாள். அதிலிருந்து பச்சை வேட்டி, பச்சைச் சட்டை, பச்சைத் துண்டு. நானும் சந்தோஷமாகத்தான் துவைத்துப் போட்டேன்.

கார்த்திகை மாதம். தூறல். பின்னால் வந்த பஸ் இலைக் கட்டில் இடித்து, அவர் சைக்கிளோடு வாய்க்காலில் போய் விழுந்தார். முழங்கால் கிழிந்தது. அதோடு தப்பினார். டிரைவர் இறங்கி ஓடிவந்து சொன்னாராம்.

“தோப்புல நின்ன வாழைதான் ரோட்டுல சாஞ்சு கெடக்குன்னு நெனைச்சேன் அண்ணாச்சி. ஆளுன்னே தெரியல.”

இதை அவர் டீக்கடையில் சொல்லிச் சிரித்தார். ஊரும் சிரித்தது. “ஏ வே, எப்ப குலை தள்ளுவீரு?” என்று போகிறவன் வருகிறவன் எல்லாம் கேட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பச்சைத் தோப்புக்கு நடுவே, பச்சைக் கட்டோடு, பச்சை உடுத்திய ஆள். டிரைவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

அதன் பிறகு என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. சைக்கிள் மட்கார்டில் வெளிச்சம் பட்டால் மின்னுகிற சிவப்புக் கண்ணாடி வாங்கிப் பொருத்தச் சொன்னேன். கட்டு ஏற்றியதும் அது மறைந்துபோனது. கட்டின் மேல் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டிவிட்டேன். அவிழ்த்துக் கையில் தந்துவிட்டார். விரதம் முடிகிற வரைக்கும் வேற்று நிறம் ஆகாது என்றார். மேற்கொண்டு பேச எனக்கு நாக்கு எழவில்லை. நேர்ச்சையை மீறினால் பிள்ளைக்கு என்ன ஆகுமோ. மீறாவிட்டால் அவருக்கு என்ன ஆகுமோ. ரெண்டு பக்கமும் பயம்.

அவர் போனதும் விளக்கேற்றி உட்காருவேன். மனசு நிற்காது. எழுந்து ரோட்டுக்கு ஓடுவேன். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வரும் முதல் பஸ்ஸை நிறுத்தி, வழியில் இலைக்கட்டோடு ஒரு சைக்கிளைப் பார்த்தீர்களா என்று கண்டக்டரிடம் கேட்பேன். “கவனிக்கலியே அக்கா” என்பார். டிரைவரும் பார்க்கவில்லை என்பார். தினமும் இதே பதில். நல்லபடியாகத்தான் போயிருப்பார், ஆனால் பார்த்தேன் என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. அதைக் கேட்கக் கேட்க எனக்குப் பயம் கூடும். “முருகா, மாசி வரைக்கும் நீயே அவருக்குப் பின்னால் உட்கார்ந்து போ” என்று அழுவேன்.

மாசி வந்தது. மூன்று பேரும் திருச்செந்தூருக்கு பஸ் ஏறினோம். இனிமேல் பயமில்லை என்று நான் மூச்சு விட்ட நேரத்தில் அவர் சொன்னார்: “பஸ் இடிச்சும் பொழைச்சேன்லா. இந்தப் பச்சைதான் என்னைக் காப்பாத்திச்சு. இனி ஆயுசுக்கும் இதுதான் ஒடுப்பு.”

வள்ளி என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஏழாம் திருநாள் சாயந்தரம் சண்முகர் சிவப்பு சாத்தி வந்தார். நான் குட்டை. கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். அங்கிருந்தே அந்தச் சிவப்பு தெரிந்தது. கையைக் கூப்பி ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். “உன்னை இவ்வளவு தூரத்திலிருந்து தெரிகிறதே அப்பா. என் ஆளையும் அப்படித் தெரிய வை.”

மறுநாள் காலையில் வெள்ளை சாத்தி. மத்தியானம் பச்சை சாத்தி. சப்பரம் திரும்பிய இடத்தில் கூட்டம் நெருக்கியது. வள்ளியைத் தோளில் வைத்திருந்த அவர் ஒரு பக்கம் போனார், நான் ஒரு பக்கம் தள்ளப்பட்டேன். திரும்பிப் பார்த்தால் பார்த்த இடமெல்லாம் பச்சை. தோளில் பிள்ளை வைத்திருக்கிற பச்சைச் சட்டைக்காரர்கள் எத்தனை பேர்! வள்ளிக்கும் பச்சைப் பாவாடைதான். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு ஓடினேன். முருகா, முருகா என்பதைத் தவிர வாயில் வேறு சொல் இல்லை.

யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார்கள். அவர்தான்.

“ஏளா, ஒனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? எங்களத் தாண்டி ரெண்டு தடவ போயிட்ட. கூப்புடுதேன் கூப்புடுதேன், திரும்பாம ஓடுத.”

“பச்சையில உங்களத் தெரியலைங்க” என்றேன். “பெத்த பிள்ளையவும் தெரியல. கூட இருக்கவளுக்கே தெரியலன்னா லாரிக்காரனுக்கு எப்படிங்க தெரியும்?”

இதை நான் யோசித்துப் பேசவில்லை. இத்தனை மாதம் வராத பேச்சு, அந்த இடத்தில், அந்த நேரத்தில் வந்தது. யார் பேச வைத்தார் என்று எனக்குத் தெரியும்.

அவர் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். வள்ளியைத் தோளிலிருந்து இறக்கினார். சப்பரம் போன பக்கம் திரும்பிக் கும்பிட்டுவிட்டுச் சொன்னார்: “நேத்து செவப்புல வந்தாரு. காலையில வெள்ளையில வந்தாரு. மூணும் அவருக்கு ஒடுப்புதானளா.”

கடலில் குளித்து மாலையைக் கழற்றினார். சன்னதித் தெருக் கடையில் துணி எடுத்தோம். நான் சிவப்பு என்றேன், முந்தின சாயந்தரம் கண்ணில் நின்ற நிறம் அதுதானே. வெள்ளைதான் நல்லது, அழுக்கானாலும் பரவாயில்லை என்றார் அவர். கடைக்காரர் கேந்திப்பூ நிறத்தில் ஒரு மஞ்சளையும் விரித்துப் போட்டார். எனக்கு எதிலும் நம்பிக்கை வரவில்லை. மூன்றிலும் வாங்கினோம்.

ஊருக்கு வந்த மறுநாள், அவர் கிளம்புகிற நேரத்தில், தோப்பு ஓரம் மூன்று துணிகளையும் கொடியில் போட்டு, அவரைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு ரோட்டில் வெகுதூரம் நடந்துபோய்த் திரும்பிப் பார்த்தேன். நான் கேட்டு வாங்கிய சிவப்பு அந்த அரை இருட்டில் கருத்துக் கிடந்தது. வெள்ளை பனியோடு கலந்துவிட்டது. மஞ்சள் மட்டும், அவர் முகம் தெரியும் முன்னே தெரிந்தது.

அன்றைக்கே மஞ்சளில் சட்டை தைத்தேன். பின்னால் வருகிறவன் கண்ணுக்கு ஆள் தெரியாது, கட்டுதான் தெரியும். அதனால் அதே துணியில் இலைக்கட்டின் பின்பக்கத்துக்கும் ஒரு உறை தைத்தேன். பச்சை வேட்டியை வெள்ளிக்கிழமை பூஜைக்கு வைத்துக்கொண்டார். வீட்டுக்குள்ளே உடுத்துவார். ரோட்டுக்கு மஞ்சள்.

முதல் நாள் அவர் போனதும் வழக்கம்போல ரோட்டுக்கு ஓடினேன். பஸ்ஸை நிறுத்தினேன். நான் வாய் திறக்கும் முன்னே கண்டக்டர் சிரித்தார்.

“பாத்தேன்க்கா. பாலம் தாண்டிப் போறாரு. தூரத்துலயே தெரிஞ்சுது.”

ரோட்டோரத்திலேயே உட்கார்ந்து அழுதேன். என் முருகன் கண்டக்டர் வாயால் எனக்குப் பதில் சொன்னான்.

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. ஊரில் அவருக்கு மஞ்சளண்ணாச்சி என்று பேர். இலை போடும் மற்ற இரண்டு பேரும் என்னிடம் உறை தைத்து வாங்கியிருக்கிறார்கள். என் பயம் முழுசாகப் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். ஹாரன் கேட்டால் இன்றும் எழுந்து நிற்பேன். ஆனால் முன்னே மாதிரி ஓடுவதில்லை. விளக்குக்கு முன்னால் திரும்ப உட்கார முடிகிறது.

இதை வாசிக்கிற அன்பர்களே, உங்கள் வீட்டிலும் விடியும் முன் சைக்கிள் எடுக்கிறவர் இருப்பார். நாளைக்கு அவரை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு, நீங்கள் ரோட்டில் தூரமாகப் போய்த் திரும்பிப் பாருங்கள். தெரியவில்லையென்றால் செந்தூரானைக் கூப்பிடுங்கள், அவன் கேட்பான். கூப்பிட்ட கையோடு வேறு சட்டையும் எடுத்துக் கொடுங்கள்.