மனுவல் மாமாவின் மெட்டு

பலகையோடு பலகை மோதும் வறண்ட சத்தம் எங்கே கேட்டாலும் எனக்கு இன்றைக்கும் அது பெரிய வெள்ளிக்கிழமைதான். அன்றைக்குக் கோயில் மணி ஊமையாக இருக்கவேண்டும் என்பதால், 'சக்கிடுத்தார்' என்று நாங்கள் அழைக்கும் கோயிற் பணியாளர் இரண்டு பலகைத் துண்டுகளைத் தட்டிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக நடப்பார். அந்தச் சத்தம் எங்கள் வேலியைக் கடக்கும்போது அம்மா கஞ்சிப் பானையை இறக்குவார், அப்பா சலவை வேட்டியை எடுத்து உடுப்பார், நான் காதைப் பொத்திக்கொள்வேன். பொத்துவதற்குக் காரணம் உண்டு. அதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

பருத்தித்துறைக்குப் பக்கத்தில் கடலை ஒட்டிய சின்ன ஊர் எங்களுடையது. தொண்ணூறாம் ஆண்டில் யாழ்ப்பாணக் கோட்டைப் பக்கத்தில் சண்டை மூண்டு, குருநகர்ச் சனம் ஷெல்லடிக்குத் தப்பி நாலாபக்கமும் ஓடியபோது, அவர்களில் சில குடும்பங்கள் எங்கள் கோயில் வாசலிலும் வந்து இறங்கின. அவர்களும் எங்களைப்போலக் கத்தோலிக்க 'வேதக்காரர்', எங்களைப்போலக் கடலை நம்பிப் பிழைத்தவர்கள். வந்தவர்களை விருந்தாளி என்று நினைக்கவேண்டாம், கூடப் பிறந்தவர்கள் என்று நினையுங்கள் என்று பங்குச் சுவாமி பூசையில் சொன்னார். அப்பா அதை அப்படியே எடுத்துக்கொண்டார். மனுவல் மாமாவையும் மாமியையும் என் வயதுடைய அவர்களின் மகள் ரெஜினாவையும் அன்றைக்கே கூட்டிவந்து, பக்கத்திலிருந்த எங்கள் வெறுங்காணியில் ஒரு கொட்டில் போட்டுக் கொடுத்தார். அவர்கள் எங்கள் கிணற்றுக்கு வந்துபோக வேலியில் ஒரு 'பொட்டு' வெட்டினார். வள்ளத்தில் தன்னோடு தொழிலுக்கும் சேர்த்துக்கொண்டார். சவுக்காரம் கிடைக்காத அந்த நாட்களில் அம்மாவும் மாமியும் பனம்பழத்தைக் கரைத்து ஒன்றாக உடுப்புத் தோய்த்தார்கள். ரெஜினாவும் நானும் ஒரே பாடப் புத்தகத்தை முறைவைத்துப் படித்தோம். நான் ஒற்றைப் பிள்ளை. பெரிய வெள்ளி வரும்வரை அந்த ஒன்பது மாதமும் எனக்கு ஒரு சகோதரி இருந்தாள்.

பெரிய வெள்ளிப் பின்னேரம் எங்கள் கோயிலில் மாதாவின் புலம்பல் பாடுவார்கள். ஓர் அடியை ஒருவர் பாட, அடுத்த அடியை எதிரே நிற்பவர் பாடவேண்டும். முதலடி பல வருடங்களாக அப்பாவுடையது. எதிரடி பாடிவந்த முதியவர் முந்தின வருடம் காலமாகிவிட்டதால், அந்த இடத்தில் மனுவல் மாமா நிற்கட்டும், இரண்டு ஊரும் ஒன்றென்று ஆகட்டும் என்றார் சுவாமி. மனுவல் மாமாவும் குருநகரில் பெயர்பெற்ற பாட்டுக்காரர்தான். இருவருக்கும் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை.

ஆனால் ஒத்திகை பார்க்கவில்லை. பார்க்க முடியாது. அந்தப் புலம்பலைப் பெரிய வெள்ளிக்கு வெளியே ஒருவரும் வாய்விட்டுப் பாடக்கூடாது, பாடினால் அந்த வீட்டில் சாவு விழும் என்று எங்கள் ஊரிலும் நம்பினார்கள், அவர்கள் ஊரிலும் நம்பினார்கள். இப்படி, ஒரே வள்ளத்தில் ஒன்பது மாதம் போய்வந்த இரண்டு பாட்டுக்காரர் ஒருவருடைய மெட்டை மற்றவர் ஒரு தடவையேனும் கேட்காமலே கோயிலுக்குப் போய் நின்றார்கள். சொற்கள் ஒன்றுதானே, மெட்டும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று இருவரும் நினைத்துவிட்டார்கள்.

எங்கள் ஊர்க்காரர் மர வாங்குகளில் இருக்க, இடம் போதாமல் குருநகர்ச் சனம் முன்னால் பாய் விரித்து இருந்தது. நான் ரெஜினாவுக்கு இரண்டு வரிசை பின்னால், அவர்களின் சனத்துக்கு நடுவே பாயில் இருந்தேன். அப்பா முதலடியைத் தாழ்த்தி, இழுத்து, நிலத்தைப் பார்த்துப் பாடினார். மனுவல் மாமா எதிரடியை எடுத்தார். அது அடியின் கடைசியில் சடாரென்று மேலே ஏறி உச்சியில் நின்று நடுங்கியது. தூங்கி வழிந்துகொண்டிருந்த சக்கிடுத்தார் திடுக்கிட்டு எழும்பினார். அப்பா மூன்றாம் அடியைத் தொடங்கினார். இரண்டு மெட்டுக்கும் நடுவில் சிக்கி அவருடைய குரல் கீச்சென்று உடைந்தது. நான் சிரித்துவிட்டேன். வாயைப் பொத்துவதற்குள் அது கோயில் முழுக்கக் கேட்டுவிட்டது.

அப்பா புலம்பல் புத்தகத்தை மூடினார். பாய்ப் பக்கம் ஒரு தடவை பார்த்தார், அந்தச் சனத்துக்குள் நான் இருந்தது அவர் கண்ணில் படவில்லை. அவர் இறங்கி வெளியே நடக்க, எங்கள் ஊர் ஆண்கள் பலர் பின்னால் போனார்கள். மனுவல் மாமா இரண்டு பக்கத்தையும் தனியாகப் பாடி முடித்தார்.

"எங்கடை கோயிலுக்கை இருந்துகொண்டு எங்களைப் பார்த்தே சிரிக்கினம்" என்று அப்பா வீட்டில் ஒருமுறைதான் சொன்னார். அந்தச் சொல் ஊர் முழுக்கப் பரவியது. மனுவல் மாமா அடுத்த நாளே கடற்கரைக்கு வந்து, கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அப்பாவின் முன்னால் நின்றார். "அண்ணை, எங்கடை பிள்ளையள் ஆரும் சிரிச்சிருக்கும். நான் மன்னிப்புக் கேக்கிறன்" என்றார். அப்பா வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அப்பாவுக்குப் பக்கத்தில் நூற்கட்டையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். ஒரு சொல், 'நான்தான்' என்ற ஒரே ஒரு சொல், அது வாயில் வரவில்லை. அடி விழும் என்ற பயம், வேறொன்றுமில்லை.

மனுவல் மாமா வள்ளத்திலிருந்து விலகிக்கொண்டார். யாரிடமோ ஒரு பழைய தெப்பம் வாங்கித் தனியாகத் தொழிலுக்குப் போகத் தொடங்கினார். பொட்டை அடைக்க அம்மா விடவில்லை. பெண்களும் பிள்ளைகளும் அதனூடாக வந்துபோனோம், ஆண்கள் இருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் அப்பா எப்போதும் தூண் பக்கத்து ஆளுக்கே கும்பிடு போட்டார். அடுத்த பெரிய வெள்ளிக்கு முன் பாவசங்கீர்த்தனத்தில் நான் சிரித்த கதையைச் சொன்னேன். "அப்பாட்டைப் போய்ச் சொல்லு, பிள்ளை. உனக்கு அதுதான் அபராதம்" என்றார் சுவாமி. செபம் சொல்லச் சொல்லியிருந்தால் ஐம்பது செபமாலையும் சொல்லியிருப்பேன்.

அந்த வருடம் எங்கள் ஊர் ஒரு மணிக்கும் அவர்கள் மூன்று மணிக்குமாகப் புலம்பலைத் தனித்தனியே பாடினார்கள். மூன்று மணிக்கு நான் ரெஜினாவைத் தேடிப் போனபோது, கோயிற் சுவருக்குப் பின்னால் அப்பா நிற்பதைக் கண்டேன். தலையைச் சுவரில் சாய்த்து, கண்ணை மூடி, மனுவல் மாமா பாடிய ஒவ்வோர் அடியையும் கடைசிவரை கேட்டார். எனக்குச் சந்தோசம் பொங்கியது. இவர் தானாகவே ஆறிவிடுவார், நான் சொல்லவேண்டிய தேவையே இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

சோளகக் காற்றுப் பெயர்ந்த நாட்களில், கடற்படை தடை போட்டிருந்த கடலுக்குப் பசி தாங்காமல் போனவர்களில் மனுவல் மாமாவும் ஒருவர். தெப்பம் திரும்பவில்லை. மூன்றாம் நாள் துப்பாக்கிச் சூட்டுக்காயத்தோடு அவருடைய உடல் கரையொதுங்கியது. எங்கள் வள்ளம் அந்தக் கிழமை முழுக்கக் கரையில்தான் கிடந்தது. அப்பாவோடு நின்றிருந்தால் அவரும் கரையில்தான் நின்றிருப்பார். இதை எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவைப்படவில்லை.

கோயிலில் சவப்பெட்டியை வைத்திருந்தபோது அப்பா புத்தகத்தோடு வந்தார். மாமியின் முன்னால் குனிந்து, "தங்கச்சி, மனுவலின்ரை மெட்டிலை நான் பாடட்டோ?" என்று கேட்டார். மாமி தலையை நிமிர்த்தி, "ஓம் அண்ணை" என்றார். பெரிய வெள்ளி அல்லாத நாளில், சாவு வரும் என்ற பயம் விட்டுப்போன ஒரு சபையில், அப்பா அந்த ஏறுமெட்டில் முதலடியைப் பாடி நிறுத்தினார். எதிரடிக்கு ஆள் இல்லை. பிறகு பாயிலிருந்த சனம் மெல்ல எதிரடியை எடுத்தது; நாலைந்து அடி போனதும் வாங்குகளில் இருந்தவர்களும் தட்டுத்தடுமாறிச் சேர்ந்தார்கள். இரண்டு ஊரும் ஒன்றாகப் பாடியது அன்றைக்குத்தான்.

சேமக்காலையில் மண் போட்டுவிட்டு வரும் வழியில் நான் அப்பாவிடம் சொன்னேன். அவர் அடிக்கவில்லை. வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, "அண்டைக்கே சொல்லியிருக்கலாமே, பிள்ளை" என்றார். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிக் கதைத்ததே இல்லை.

தொண்ணூற்றைந்தின் கடைசியில் மாமியும் ரெஜினாவும் வன்னிக்குப் போனார்கள். பொட்டுக்குள்ளால் குனிந்து வந்து, என்னிடமிருந்த பாடப் புத்தகத்தைக்கூட வாங்கிக்கொள்ளாமல் ரெஜினா போய்விட்டாள். ஒரு கடிதம் வந்தது, பிறகு ஒன்றும் வரவில்லை. சிரித்தது நான்தான் என்று அவளிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை.

அப்பா சாகும்வரை ஒவ்வொரு பெரிய வெள்ளியும் மனுவல் மாமாவின் மெட்டில்தான் பாடினார். பிள்ளைகளுக்கும் அதையே பழக்கிவிட்டார். இப்போது வேலி இல்லை, மதில்தான். பொட்டு இருந்த இடம்கூடத் தெரியவில்லை. போன பெரிய வெள்ளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். இளம்பிள்ளைகள் ஒலிபெருக்கியில் புலம்பலைப் பாட, இது எங்கள் ஊருக்கே உரிய பழைய மெட்டு என்று பக்கத்தில் இருந்தவர் எனக்குப் பெருமையோடு சொன்னார். நான் திருத்தவில்லை. எங்கள் ஊரின் சொந்த மெட்டைத் தெரிந்தவர்கள் எல்லோரும் சேமக்காலையில் இருக்கிறார்கள். தனியே இருக்கும்போது அப்பாவின் அந்த முதலடியை, நிலத்தைப் பார்த்து, தாழ்த்தி, மெல்லச் சொல்லிப் பார்க்கிறேன். அடி முடிவதற்குள் என் குரல் தானாகவே மேலே ஏறிவிடுகிறது.