ஆயிரம் தலைக்கு ஒரு பஸ்

ஆயிரம் தலை உள்ள ஊருக்குத்தான் பஸ் விடுவார்கள் என்று நாற்பது வயதுக்குமேலும் நம்பிய முட்டாள் நான். இன்றும் பினாங்கில் எனக்காக மட்டும் ஒரு பஸ் வந்து நின்றால், பின்னால் கூட்டம் வருகிறதா என்று திரும்பிப் பார்க்கிறேன். மலாய்க்காரக் கண்டக்டர் “சத்து ஓராங்?” என்பார். ஒரு ஆள்தானா என்று டிக்கெட்டுக்காகக் கேட்கிறார். எனக்கோ திருடனைப்போல் குரல் இறங்கிவிடும். ஒருநாள் பதற்றத்தில் “என் தப்பு இல்லீங்க” என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். சில்லறை இல்லை என்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, பாவம், சும்மா உட்காரும்படி கையைக் காட்டினார்.

அறுபத்தொன்றில் ஊருக்கு ஊர் குடிக்கணக்கு எடுத்தார்கள். பினாங்கு வேலையிலிருந்து எட்டு மாத விடுப்பில் ஊருக்குப் போயிருந்த நான் திரும்பக் கப்பலேற வேண்டிய நேரம். மனைவி மரியம்மாவுக்கு ஏழு மாதம். எங்கள் களத்துமேட்டில் நின்றால் செஞ்சிக் கோட்டை கைக்கெட்டுவதுபோல் தெரியும். செஞ்சி ஆஸ்பத்திரிதான் எட்டாது. முந்தைய பிரசவத்தில் மாட்டுவண்டி போய்ச் சேருவதற்குள் பிள்ளை போய்விட்டது. ஆகவே, கப்பலேறுமுன் ஊருக்கு ஒரு பஸ் வாங்கிக் கொடுத்துவிடுவது என்று கிளம்பினேன். டீக்கடையில் சொன்ன ஆயிரம் கணக்கை வேதவாக்காகக் கொண்டு நானே வீடு வீடாக எண்ணினேன். ஏழு தலை குறைந்தது. பக்கத்துத் தொண்டூரில் என் மச்சினன் சூசை வீட்டில் பெண்டாட்டி, ஐந்து பிள்ளைகளோடு சரியாக ஏழு பேர். கடவுளே கணக்குப் போட்டுக் கொடுத்ததுபோல் இருந்தது. கோழி அடிக்கிறேன் என்று சொல்லி எல்லோரையும் வரவழைத்தேன்.

கணக்கெடுக்க வந்த வாத்தியார் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பேர்களை எழுதினார். அவரிடம் உபசாரமாக நாலு வார்த்தை பேசாமல் இருக்கச் சூசையால் முடியவில்லை.

“எங்க ஊட்டுக்கும் போன வாரம் வந்தாங்க சார். அவங்களும் உங்கள மாதிரியே நல்லா எழுதினாங்க” என்றான்.

வாத்தியாரின் பேனா நின்றது. பொய்க்கணக்குக்கு ஜெயில் என்று யாரோ சொன்னது எனக்கு நினைவு வந்தது. மறு நிமிடம் மாட்டுக் கொட்டகையில் இருந்தேன். தலையை எண்ண வந்தவரிடமிருந்து தலையை மட்டும் வைக்கோலுக்குள் ஒளித்துவைத்தேன், மற்றதெல்லாம் வெளியே.

“வெளிய வாங்க. மாடே சிரிக்குது” என்றாள் மரியம்மா.

“இன்னா மாமா, கோழி கொதிக்குது, நீ வைக்கோல் துன்ற?” என்றான் சூசை.

நான் வெளியே வந்து சொன்ன பஸ் விஷயத்தைக் கேட்ட வாத்தியார் திட்டவில்லை. “லட்சம் தலை இருந்தாலும் ஓடையில பாலம் இல்லாத ஊருக்கு பஸ்ஸு எப்படிங்க வரும்?” என்றார். ஏழு பேரின் பெயரையும் கோடு போட்டு அடித்துவிட்டு என்னைப் பார்த்தார். “உங்களுக்குக் கப்பல் என்னைக்கு?”

“வர்ற சனிக்கிழமைங்க.”

“அப்ப கணக்கு முடியறப்ப நீங்க ஊர்ல இருக்கமாட்டீங்களே. உங்க பேரு இருக்கட்டுமா, வேணாமா?”

நான் மரியம்மாவைப் பார்த்தேன்.

“வேணாம் சார், அடிச்சிடுங்க” என்றாள். “கஷ்டத்துக்கு இல்லாத ஆளு கணக்குக்கு மட்டும் எதுக்கு?”

பேனா இன்னொரு கோடு இழுத்தது. பஸ் வாங்கித்தரக் கிளம்பியவனால் ஊருக்கு ஒரு தலைகூடச் சேரவில்லை, இருந்ததிலும் ஒன்று குறைந்தது. அந்தக் கோடு விழுந்ததை நினைத்து நான் சிரித்துக் கதை சொல்லாத இடம் பினாங்கில் இல்லை. அவள் சொன்ன வார்த்தையை மட்டும் எங்கும் சொன்னதில்லை, இப்போதுதான் எழுதுகிறேன். சனிக்கிழமை கப்பலேறிவிட்டேன்.

வைகாசியில் சூசையின் கடிதம் வந்தது. ஓடை மணலில் வண்டிச் சக்கரம் புதைந்துவிட்டதாம். செஞ்சி போய்ச்சேராமல் வண்டியிலேயே பெண் குழந்தை பிறந்தது. இரண்டு உயிரும் பிழைத்தன. சில வருடம் கழித்து ஓடைக்குப் பாலம் கட்டினார்கள், பஸ் வந்தது. அப்போது ஊரில் எத்தனை தலை என்று யாரும் கேட்கவில்லை. மகள் அந்த பஸ்ஸில்தான் செஞ்சிப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். நான் இன்னும் அதில் ஏறியதில்லை.