நகல் அட்டையுடன் ஸ்டொக்ஹோமில் நான்கு நாட்கள்

இத்தாலியின் பலெர்மோ நகரில் இருபத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்த பின்பே, காரணம் எதுவுமில்லாத ஒரு பயணம் போவதென்று நானும் என் மனைவியும் தீர்மானித்தோம். அதற்கு முன் நாங்கள் போன பயணங்கள் யாவும் ஒரு கலியாணத்துக்காக, ஒரு செத்தவீட்டுக்காக, அல்லது கொழும்பில் எடுக்க வேண்டிய ஏதோவொரு பத்திரத்துக்காக. பொலிதேயாமா அரங்குப் பக்கத்தில் நான் வேலை பார்த்த வீட்டு எசமானி, சின்யோரா, காலமாகி, எனக்கு ஓய்வூதியமும் வரத் தொடங்கியிருந்த கோடையில், ஸ்டொக்ஹோமுக்குப் போவோம் என்று நான் சொன்னேன். அங்கே எங்களுக்கு உறவினர் எவரும் இல்லை. அந்நகரை நான் தெரிந்தெடுத்ததற்கு அதுவே முதற் காரணம். எவர் வீட்டிலும் பாய் விரித்துப் படுக்காமல், விடுதியில் தங்கி, அருங்காட்சியகங்கள் பார்த்து, உல்லாசப் பயணிகளாகவே திரும்பி வரவேண்டும் என்று விரும்பினேன்.

யாழ்ப்பாணத்தில் பெயர்பெற்ற கல்லூரியொன்றில் படித்து, மாவட்ட அரச செயலகமான கச்சேரியில் இலிகிதராக இருந்தவன் நான். பலெர்மோவில் பிறர் வீட்டுத் தரையைத் துடைத்தேன். அதை எவரிடமும் மறைத்ததில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்தபின், கோயில் மண்டபத்தின் கடைசி மேசையில் நான் அமர்ந்தால், பெர்மெஸ்ஸோ எனப்படும் வதிவிட அனுமதி அட்டையைப் புதுப்பிக்க வேண்டியவர்கள் என் முன்னே வரிசையில் நிற்பார்கள். அவர்களுடைய படிவங்களை நான் நிரப்பிக் கொடுப்பேன். நான் நிரப்பிய படிவம் எதுவும் குவெஸ்தூராவிலிருந்து, அதாவது பொலிஸ் தலைமையகத்திலிருந்து, பிழையென்று திரும்பி வந்ததில்லை. இந்நகரில் எனக்கிருந்த சொத்து அந்தப் பெயர் ஒன்றுதான்.

என்னிடம் வருபவர்களுக்கு நான் ஒரு விதி வைத்திருந்தேன். அசல் அட்டை வீட்டில் இருக்க வேண்டும். அதன் வண்ண நகலை இருபக்கமும் எடுத்து, அட்டை அளவுக்கு வெட்டி, லமினேற் செய்து பணப்பையில் வைத்திருக்க வேண்டும். கபோச் சந்தையின் நெரிசலில் பணப்பையைப் பறிகொடுத்தவர்கள் பலர். பறிபோன அட்டைக்கு முறைப்பாடு எழுதி, மறு அட்டைக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர்களை நான் அறிவேன். வன்னியிலிருந்து வந்தவர்களுக்கு இந்த விதியை விளக்கவே தேவையிருக்கவில்லை. இடம்பெயர்ந்த வழியிலே பிறப்புப் பத்திரம் முதற்கொண்டு எல்லாவற்றையும் இழந்தவர்கள் அவர்கள். மத்திய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேக்கு அருகில் நகலெடுக்கும் கடைக்காரன், எங்கள் ஆட்களைக் கண்டாலே கத்தரிக்கோலை எடுத்துவிடுவான்.

பயணத்துக்கு முதல்நாள் மாலை, பத்திரக் கோவைக்குள்ளிருந்து என் அசலை எடுத்தேன். பணப்பையிலிருந்த நகலையும் எடுத்து இரண்டையும் மேசையில் அருகருகே வைத்து, இலக்கங்களை ஒப்பிட்டேன். கச்சேரிக் காலத்துப் பழக்கம் அது.

“இஞ்சாருங்கோ, ஒறிஜினல் எடுத்தாச்சோ?” என்று மனைவி குசினியிலிருந்து கேட்டாள்.

“எனக்கு நீர் சொல்லித் தரவேண்டாம்” என்றேன்.

பலெர்மோவிலும் இடையில் விமானம் மாறிய றோமிலும் கடவுச்சீட்டின் படத்தையும் என் முகத்தையும் மட்டுமே பார்த்து அனுப்பினார்கள். ஸ்டொக்ஹோமில் விடுதி வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணும் கடவுச்சீட்டைத்தான் கேட்டாள். கேளாமலே பெர்மெஸ்ஸோவையும் எடுத்து அதன்மேல் வைத்தேன். ஒழுங்கான மனிதன் என்று காட்டிக்கொள்ளும் ஆசை. அவள் அட்டையை எடுத்து, ஒருமுறை புரட்டி, ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்தாள். வாங்கும்போது விரல் நுனியில் லமினேற்றின் விளிம்பு தட்டியது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். அசலில் சாய்க்கும்போது மின்னும் முத்திரை இதில் மின்னவில்லை.

நான் நகலைக் கொண்டுவந்து, அசலைக் கோவைக்குள் வைத்து வீட்டைப் பூட்டியிருந்தேன்.

அறைக்குப் போனதும் மனைவியின் அட்டையை வாங்கிப் பார்த்தேன். அது அசல். அவளுக்கு ஆபத்தில்லை. ஆபத்து எனக்கு மட்டும். அதுவும் இரண்டு விதமானது. அனுமதி அட்டை இல்லாமல் வேற்று நாட்டில் நிற்பது ஒன்று. அதனிலும் பெரியது, அசலைப் போலவே செய்த ஒரு போலியைப் பையில் வைத்திருப்பது. கள்ள அட்டை என்று ஒரு பொலிஸ்காரன் எழுதிவிட்டால், அந்தச் சொல் என் பெயரோடு பலெர்மோவுக்கு வந்து சேரும். படிவம் எழுதும் ஐயா கள்ள அட்டையோடு பிடிபட்டார் என்று கபோவில் மீன் வாங்கும்போதே கதைப்பார்கள். நான்காம் நாள் விமானத்தில் ஏறும்வரை அதை யாரும் பார்க்காமலிருக்க வேண்டும். மனைவிக்கும் சொல்லக்கூடாது என்று முடிவு செய்தேன்.

அப்படித்தான் அந்த அழகான நகரைப் பார்க்கத் தொடங்கினேன். எங்கு திரும்பினாலும் நீரும் பாலமும். நீரின் ஓரத்தில் மஞ்சளும் செங்காவியுமான மாளிகைகள். நான் பார்த்தது சீருடைகளைத்தான். பழைய நகரத்துக் கல்வீதியில் இரண்டு பொலிசார் ஒரு குழந்தைக்கு ஏதோ காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் வீதியின் மறுபக்கத்துக்கு மாறினேன்.

“ஏன் உங்காலை போறியள்?”

“இஞ்சாலை வெயில்.”

“வெயிலோ? நான் கோட்டுக்கு மேலை சால்வையும் போட்டுக்கொண்டு நிக்கிறன்.”

அரண்மனையில் காவலர் மாறும் சடங்கைப் பார்க்கவேண்டும் என்பது அவளுடைய ஒரே விருப்பம். வாத்தியங்களோடு குதிரைகளும் வரும் என்று ஒரு காணொளியில் பார்த்திருந்தாள். சீருடை அணிந்தவர்கள் அணி அணியாக வரும் இடத்துக்கு நானாகவே போவதா? தலையிடி என்று சொல்லி, கப்பல் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். ஓர் அரசன் தன் பெருமைக்காகக் கட்டுவித்த போர்க்கப்பல், முதற் பயணத்திலேயே, கரையில் நின்ற சனங்கள் பார்த்திருக்க மூழ்கிப் போனதாம். சில நூற்றாண்டுகள் கழித்து மேலே எடுத்து, மரச்சிற்பங்கள் முதலாக எல்லாவற்றையும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். மற்றவர்கள் வாய்பிளந்து பார்த்தார்கள். நான் வாசலில் நின்ற காவலாளியைப் பார்த்தபடி, விளக்கப் பலகையொன்றை மூன்று முறை வாசித்தேன். ஒரு வரியும் மனதில் ஏறவில்லை.

இரண்டாம் நாள் சுரங்க ரயிலில் பரிசோதகர்கள் இருவர் ஏறினார்கள். எங்களிடம் சரியான பயணச்சீட்டு இருந்தது. அது எனக்குத் தெரியும். இருந்தும் கதவு திறந்த கணத்தில் மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். எங்கள் தரிப்பிடத்துக்கு இன்னும் மூன்று தரிப்புகள் இருந்தன. அவளுக்கு முழங்கால் நோவு. பாலத்தைக் கடக்கும்போது, கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

“நான் இனி ஒரு அடியும் வைக்கமாட்டன். என்ன நடந்தது எண்டு சொல்லுங்கோ. உங்களுக்கு ஏதும் வருத்தமோ? என்னட்டை மறைக்கிறியளோ?”

நெஞ்சு நோவென்று அவள் நினைத்திருக்கிறாள். அவள் முகத்தைப் பார்த்தபின் எனக்கு வேறு வழியிருக்கவில்லை. சொன்னேன். அவள் முதலில் கைகூப்பி வானத்தைப் பார்த்தாள். பிறகு கோபம் வந்தது.

“இவ்வளவுதானோ! நான் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு இங்கிலிசிலை என்னெண்டு சொல்லுறது எண்டு யோசிச்சுக்கொண்டு வாறன். கீழ்வீட்டுப் பிள்ளையிட்டை எங்கட வீட்டுத் திறப்பு இருக்கெல்லோ. எடுத்துக் கதையுங்கோ.”

“கதைச்சால் நாளைக்குக் கபோ முழுக்கத் தெரியும்.”

“தெரிஞ்சால் என்ன? பொலிசிலை பிடிபட்டால் மட்டும் தெரியாமல் போகுமோ?”

கீழ்வீட்டுப் பெண் கிளிநொச்சிப் பக்கத்தவர். வீடுகளைத் துப்புரவு செய்யும் வேலை. நாங்கள் இல்லாத நாட்களில் எங்கள் பூஞ்சாடிகளுக்கு அவர்தான் நீரூற்றுவார். படிவம் கொண்டுவந்த நாட்களில் அவரை நான் கடிந்திருக்கிறேன்: திகதியை மாற்றி எழுதியதற்கு, வேலைப் பத்திரத்தை மடித்துக் கசக்கியதற்கு. அப்படிப்பட்டவரிடம் என் தவறைச் சொல்லும் எண்ணம் எனக்குக் கசந்தது. அன்று முழுவதும் கதைக்கவில்லை. மறுநாள் காலை, விடுதிக்கு எதிரே நீரோரத்து வாங்கில் அமர்ந்து, தொலைபேசியை எடுத்தேன்.

நடந்ததைச் சொல்லி முடித்தேன்.

“நீங்களுமோ ஐயா?” என்றார் பிறகு.

“என்ன, நானுமோ?”

“இல்லை… ஒண்டுமில்லை. நான் மேலை போய் எடுத்துப் படம் அனுப்பிறன்.”

“பிள்ளை, ‘நானும்’ எண்டால் வேறை ஆர்?”

பின் மெதுவாகச் சொன்னார். இரண்டு வருடங்களுக்கு முன் அவர் ஜெர்மனியிலுள்ள தமக்கையைப் பார்க்க ரயிலில் போயிருந்தார். எல்லையில் பொலிசார் ஏறிப் பத்திரம் கேட்டபோது, லமினேற் செய்த நகலை நீட்டியிருக்கிறார்.

“கள்ளக் காட் எண்டு சொல்லி இறக்கிப்போட்டினம். அஞ்சு மணித்தியாலம் ஒரு அறையிலை இருத்தி வைச்சவை. நான் வேலை செய்யிற வீட்டுச் சின்யோரா போன் எடுத்துக் கத்தின பிறகுதான் விட்டவை.”

“பயணத்துக்கு ஆர் உம்மைக் கொப்பியைக் கொண்டுபோகச் சொன்னது?”

கேட்டு முடிக்கும் முன்பே எனக்கு ஏதோ தெரிந்துவிட்டது.

“போக முதல் உங்களிட்டைக் கேட்டனான் ஐயா, பயணம் போகேக்கையும் அப்பிடியோ எண்டு. நீங்கள் ஆற்றையோ போர்ம் நிரப்பிக்கொண்டு இருந்தனீங்கள். ‘ஒருக்காச் சொன்னால் விளங்காதோ, ஒறிஜினல் வீட்டிலை’ எண்டு சொன்னியள்.”

எனக்கு அந்த ஞாபகம் இல்லை. ஆனால் அந்த வாக்கியம் என்னுடையது, குரலும் என்னுடையதுதான்.

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“உங்கட மனம் நோகும் எண்டு ஒருத்தரும் கதைக்கேல்லை. என்னைப்போலை இன்னும் ரெண்டு பேர் மாட்டுப்பட்டவை. எல்லாருக்கும் தெரியும் ஐயா. இப்ப பயணம் போறவை ஒறிஜினலைத்தான் கொண்டுபோறவை.”

எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஞாயிறுதோறும் அந்த மேசையில் நான் விதியைச் சொல்ல, அவர்கள் “ஓம் ஐயா” என்று தலையசைத்துப் போயிருக்கிறார்கள். இரண்டு நாட்களாக நான் காப்பாற்றப் பாடுபட்ட பெயரை, இரண்டு வருடங்களாக அவர்கள் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த வாங்கிலிருந்து எழ மனம் வரவில்லை.

அவரோ காரியத்தில் இறங்கிவிட்டார். “ஐயா, கேளுங்கோ. அந்தக் கொப்பியை எயாப்போட்டிலை வெளியிலையே எடுக்காதேங்கோ. படத்தைக் காட்டுங்கோ. அவை கேட்டால் மறைக்காமல், ஒறிஜினல் வீட்டிலை விட்டிட்டன் எண்டு சொல்லுங்கோ. நான் ஒண்டும் சொல்லாமல் நீட்டினபடியாலைதான் மாட்டுப்பட்டனான். விளங்குதோ?”

“ஓம்” என்றேன். அந்தச் சொல்லை அவருக்கு நான் சொன்னது அதுவே முதல் தடவை.

அன்று மதியம் காவலர் மாறும் சடங்குக்குப் போனோம். மனைவி குதிரைகளைப் படமெடுத்தாள். எனக்குப் பயம் போய்விடவில்லை.

நான்காம் நாள் விமான நிலையத்தில், ஏறும் வாயிலில் நின்ற பெண் என் கடவுச்சீட்டைப் புரட்டிவிட்டு, இத்தாலியில் வதிவதற்கான அட்டையைக் கேட்டாள். காலை முழுவதும் நான் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் அமைத்து வைத்திருந்தேன். இலக்கணப் பிழையற்ற, கண்ணியமான வாக்கியம். வாய் திறந்தபோது இத்தாலிய மொழிதான் வந்தது, அதுவும் பாதியில் நின்றது. கைபேசியிலிருந்த படத்தைக் காட்டி, அசல் வீட்டில், தவறு என்னுடையது என்று ஒருவாறு சொன்னேன். அவள் யாரையோ அழைத்தாள். சீருடை அணிந்த ஒருவர் வந்தார். எங்களை ஓரமாக நிற்கச் சொல்லி, படத்தையும் கடவுச்சீட்டையும் மாறிமாறிப் பார்த்து, தொலைபேசியில் நெடுநேரம் கதைத்தார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் எங்களைக் கடந்து போனார்கள். சிலர் பார்த்தார்கள், சிலர் பார்க்காததுபோல் நடந்தார்கள். மனைவி என் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள். கடைசியில் அவர் கடவுச்சீட்டைத் திருப்பித் தந்து, அடுத்த முறை அசலைக் கொண்டு வாருங்கள் என்று மரியாதையாகவே சொன்னார். நாங்கள்தான் கடைசியாக ஏறினோம்.

திரும்பி வந்த வார ஞாயிற்றுக்கிழமை, மண்டபத்தில் மேசைக்குப் போகாமல், நின்றபடியே பேசினேன். என் விதி பயணத்துக்குப் பொருந்தாது என்றும், அதைக் கேட்ட ஒருவருக்கு நான் தவறாகப் பதில் சொன்னேன் என்றும், நானே அந்த நகலோடு போய் வந்தேன் என்றும் சொன்னேன். பின் வரிசையிலிருந்து ஒருவர், “அப்ப ஐயாவையும் இறக்கினவங்களோ?” என்று கேட்டார். “இறக்கேல்லை, ஏறத்தான் விடாமல் நிப்பாட்டினவை” என்றேன். அப்போது சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் விரும்பினேன் என்று சொன்னால் அது பொய்யாகும்.

இப்போது இரண்டு குடும்பங்கள் தங்கள் படிவங்களுக்கு வேறொரு அலுவலகத்துக்குப் போகின்றன. நான் காரணம் கேட்கவில்லை.

கீழ்வீட்டுப் பெண் சென்ற மாதம் தம்முடைய படிவத்தைக் கொண்டுவந்தார். நான் நிரப்பி, கையெழுத்திடும் இடத்தில் விரலை வைத்து, பேனையை நீட்டினேன். அவர் பேனையை வாங்கவில்லை. கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, முதற் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வரியாக, உதடு அசைய வாசிக்கத் தொடங்கினார். பின்னால் ஐந்தாறு பேர் காத்திருந்தார்கள். இத்தனை வருடங்களில் நான் நிரப்பிய படிவத்தை எவரும் வாசித்துப் பார்த்ததில்லை. மூன்றாம் பக்கத்தில் நின்று, ஒரு கட்டத்தைக் காட்டி, “இது எனக்கு விளங்கேல்லை ஐயா” என்றார். நான் கதிரையை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, விளக்கினேன்.