அங்கம்மாள் அழித்த லாரி

வெண்ணந்தூர் அங்கம்மாள் மூன்று வருடமாக லாரி ஓட்டினாள். பன்னிரண்டு சக்கர வண்டி. ஒரு லட்சத்துப் பதினாலாயிரம் கிலோமீட்டரில் ஒரு கோழிக்குஞ்சைக்கூட அடித்ததில்லை. அவள் புருசன் வேலுசாமி இருபத்தாறு வருடத்தில் முட்டிய புளியமரங்களைப் பற்றி இங்கே பேச வேண்டாம்; மனுசன் உயிரோடு இருக்கிறான், கோபப்படுவான். ஒரே குறை, அங்கம்மாள் ஓட்டியதெல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரில்.

மகள் மலர்விழி பெங்களூருக்கு வேலைக்குப் போகும்முன் அந்த லாரி விளையாட்டை ஏற்றிக் கொடுத்திருந்தாள். அதில் இருந்ததெல்லாம் வெளிநாட்டு லாரி. ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி வெள்ளையாக, ஒரு பொட்டுகூட இல்லாமல். அங்கம்மாளுக்குப் பிடிக்கவில்லை. அதனால் மலர்விழி ‘மோடு’ என்று ஒன்றைத் தேடிப் பிடித்தாள். விளையாட்டின் மேல் மோடை ஏற்றினால் வண்டி நம்மூர் வண்டியாகிவிடும். நாமக்கல்லில் கட்டிய பாடி, நெற்றியில் குலதெய்வத்தின் பெயர், முன்னால் தொங்கும் எலுமிச்சம்பழம், குறுக்கே வரும் ஆடு எல்லாம் வந்துவிட்டன. ஹார்ன் மட்டும் எங்கள் வண்டி ஹார்ன்தான் வேண்டும் என்று அங்கம்மாள் ஒற்றைக்காலில் நின்றாள்.

வேலுசாமியின் சொந்த லாரியில் இருந்த அந்த ஹார்ன் ஊரில் பிரசித்தம். மூன்று குழாய் வைத்த ஏர் ஹார்ன். மூன்றாவது குழாயில் விரிசல் விழுந்து, கடைசியில் நாள்பட்ட இருமல்காரன் மாதிரி ‘கொக்’ என்று முடியும். அங்கம்மாள் அதைச் செல்போனில் பிடித்துக் கொடுத்தாள். கீபோர்டில் எச் பட்டனைத் தட்டினால் அந்தச் சத்தம் வரும்படி மலர்விழி ஒரு சின்னப் புரோகிராமையும் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டுப் போனாள்.

வேலுசாமி லோடு போகும் நாளெல்லாம் அங்கம்மாளும் லோடு போவாள். இதை அவனிடம் மூச்சுவிடவில்லை. கல்யாணமான புதிதில் ஒருமுறை ஆசையாக ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்த்ததற்கு, “கரண்டி புடிக்கற கைக்கு ஸ்டியரிங்கு கேக்குதா?” என்று சிரித்தவன் அவன். சிரித்ததோடு விட்டானா? டீக்கடையில் ஒரு வருடம் அதையே சொல்லிச் சிரித்தான்.

இரண்டு மாதத்துக்கு முன் வேலுசாமியின் முழங்கால் மக்கர் பண்ணியது. வண்டியை மாரியப்பன் என்ற டிரைவரிடம் கொடுத்துவிட்டு, பின்பக்கத்து வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். நாள் முழுக்க வீட்டிலேயே இருக்கும் புருசனை வைத்துக்கொண்டு அவள் எங்கே லாரி ஓட்டுவது? ஒரு வீடியோவைப் பார்த்துப் பார்த்து விளையாட்டை அழித்தாள். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நிஜமாகவே துக்கமாக இருந்தது, யாரிடமும் சொல்லத்தான் வழியில்லை.

அழித்த நாளிலிருந்து கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டது. அங்கம்மாள் அப்போதுதான் மகளிர் குழுவுக்குச் செயலாளர் ஆகியிருந்தாள். குழுத் தீர்மானத்தில் ஒரு வரியை டைப் அடித்துவிட்டுப் போய் எருமைக்குத் தண்ணீர் காட்டி, சாணி வாரிப்போட்டுத் திரும்பினாலும் அந்த வரி திரைக்கு வந்திருக்காது.

திங்கட்கிழமை காலை அவள் அப்படி எருமையிடம் நின்றபோது, தெருப்பக்கமிருந்து ஹார்ன் கேட்டது. கடைசியில் ‘கொக்’.

வேலுசாமி கட்டிலிலிருந்து துள்ளி எழுந்தான். “ஏம்புள்ள, அது எங்கூட்டு வண்டியில்ல?”

“ஆமாங்க, நம்ம வண்டியாட்டம்தான் இருக்குது.”

நொண்டிக்கொண்டே தெருவுக்கு ஓடினான். வண்டியும் இல்லை, புழுதியும் இல்லை. வண்டி சோலாப்பூரில் லோடுக்குக் காத்து நான்கு நாளாக நிற்கிறது என்று மாரியப்பன் சொல்லியிருந்தான். ஜிபிஎஸ் கருவியோ மூன்று வாரமாகப் பழுது. வேலுசாமி உடனே போன் போட்டான்.

“மாரியப்பா, வண்டி எங்க நிக்குது?”

“சோலாப்பூர்லதானுங்கண்ணா.”

“பொய் சொல்லாத. இப்பத்தான என்ற ஊட்டு வழியா ஹார்ன் அடிச்சுட்டுப் போன?”

மாரியப்பன் பதறிப்போய், மராத்திப் போர்டு பக்கத்தில் வண்டி நிற்கும் போட்டோவை அனுப்பினான். “இது போன வாரம் எடுத்ததா இருக்கும்” என்றான் வேலுசாமி. புதன்கிழமை இன்னொருமுறை ஹார்ன் கேட்டதும் முடிவே கட்டிவிட்டான். “வரட்டும். சாவியப் புடுங்கீட்டு, லாரி சங்கத்துலயும் சொல்லிப்போடறேன். இந்த ஜில்லாவுல ஒருத்தன் அவனுக்கு வண்டி குடுக்கக்கூடாது.”

அங்கம்மாள் யோசித்துப் பார்த்தாள். மாரியப்பனுக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டு. குடிக்காத டிரைவர், டீசல் திருடாத டிரைவர். வண்டிக்கு ஒருநாளும் பொட்டு வைக்காமல் கிளம்பாதவன். அவன் போய் இப்படிச் செய்வானா? ஆனால் ஹார்னை அவளும்தானே கேட்டாள்!

வியாழக்கிழமை, ராசிபுரத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் இம்தியாஸ் பைக்கில் வந்து இறங்கினான். பெட்டியைத் திறந்து ஊதினான். உள்ளேயிருந்து கிளம்பிய தூசியில் ஒரு செடியே நடலாம். ரேம் என்ற மெமரித் தகட்டைக் கழற்றி ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினான். எந்தக் கம்ப்யூட்டருக்கும் முதல் வைத்தியம் அதுதான். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, கம்ப்யூட்டர் கண் விழித்ததும் தானாகக் கிளம்பும் புரோகிராம்களின் பட்டியலைத் திறந்து பார்த்தான்.

“அக்கா, இதுல லாரி கேம் இருந்துச்சுங்களா?”

“என்ற புள்ள விளையாண்டிருப்பா” என்றாள் அங்கம்மாள், கூசாமல்.

“கேம எடுத்துட்டீங்க. அதுக்கு மேல ஏத்துன மோடு சாப்ட்வேர எடுக்கலீங்க்கா. அது தனி. தெனமும் எந்திரிச்சு, இல்லாத லாரிய மூலை மூலையாத் தேடிக்கிட்டு இருக்குது. அப்பறம் எப்பிடிங்க கம்ப்யூட்டர் ஓடும்?” மவுஸை நகர்த்தினான். “இங்க ஹார்ன்னு வேற ஒண்ணு உக்காந்திருக்குது.”

சும்மா எச் பட்டனைத் தட்டினான். ஒன்றும் இல்லை. இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அங்கம்மாள் போய் டீ போட்டுக் கொண்டுவந்து, அவன் பாதி குடித்தபோது, ஜன்னல் மேல் தெருவைப் பார்த்து மலர்விழி மாட்டிவைத்த பெரிய ஸ்பீக்கரிலிருந்து ஏர் ஹார்ன் அலறியது. கடைசியில் ‘கொக்’. இம்தியாஸின் டீ கீபோர்டில் கொட்டியது.

பின்பக்கமிருந்து வேலுசாமி ஓடிவந்து, இவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தெருவுக்குப் பாய்ந்தான். “சிக்குனான்டா!” என்று கத்தியபடி போனை எடுத்தான்.

அங்கம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. திங்கட்கிழமை அவள்தான் தீர்மானம் டைப் அடித்தாள், அதில் எச் பட்டனும் விழுந்திருக்கும். புதன்கிழமையும் அவள்தான். ஒரு பட்டனைத் தட்டி ஒரு குடும்பத்துச் சோற்றில் மண்ணைப் போட்டிருக்கிறாள்.

இம்தியாஸ் கெட்டிக்காரன், அவள் முகத்தைப் பார்த்தே பாதி புரிந்துகொண்டான். குரலைத் தாழ்த்தினான். “ரெண்டையும் அழிச்சுட்டா இனிமேல் சத்தமே வராதுங்க்கா. ஆருக்கும் தெரியாது. அழிச்சுரட்டுங்களா?”

ஆசையாகத்தான் இருந்தது. அழித்துவிட்டால் அவள் மானம் தப்பும், டீக்கடைக்காரர்களுக்கும் தீனி இல்லை. தெருவில் வேலுசாமி, “உன்னைய நம்புனேன் பாரு” என்று கத்திக்கொண்டிருந்தான். மறுமுனையில் மாரியப்பன் அழுதிருக்க வேண்டும், ஏனென்றால் அடுத்து வேலுசாமி, “அழுவாத, அழுவாத, நடிக்கறதெல்லாம் எங்கிட்ட வேண்டாம்” என்றான்.

“இரு தம்பி” என்றாள் அங்கம்மாள். வாசலுக்குப் போய், “ஏனுங்க, போன வெக்காதீங்க. ஸ்பீக்கர்ல போட்டுட்டு உள்ள வாங்க” என்றாள்.

அவள் குரலில் என்ன இருந்ததோ, வேலுசாமி போனை ஸ்பீக்கரில் போட்டபடி வந்தான். அவன் முன்னாலேயே எச் பட்டனைத் தட்டினாள்.

“என்ன பண்ணுற?”

“பொறுங்க.”

“எதுக்கு?”

“பொறுங்கன்னா பொறுங்க.”

ஐந்து நிமிடம் ஆனது. போனில் மாரியப்பன் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு வீடே அதிர ஹார்ன் அடித்தது.

“அண்ணா! அது நம்ம வண்டி ஹார்ன் இல்லீங்களா?” போனில் மாரியப்பன் கத்தினான். “நானு வண்டிக்குள்ளதான உக்காந்திருக்கறேன்! இருங்க, அடிக்கறேன்.” சோலாப்பூரிலிருந்தும் அதே ஹார்ன், அதே ‘கொக்’.

வேலுசாமி ஜன்னல் மேலிருந்த ஸ்பீக்கரையும் கையிலிருந்த போனையும் மாறி மாறிப் பார்த்தான். அங்கம்மாள் எல்லாவற்றையும் சொன்னாள். மலர்விழி பேரில் தள்ளவில்லை. மூன்று வருடம், எத்தனை கிலோமீட்டர், எப்போது அழித்தாள், எதற்காக அழித்தாள், எல்லாம்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?” என்றான்.

“சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?”

வேலுசாமி யோசித்தான். பொய் சொல்ல நல்ல சந்தர்ப்பம்தான். “சிரிச்சிருப்பேன்” என்றான்.

“மொதல்ல அவங்கிட்டக் கேளுங்க, மன்னிப்பு.”

வேலுசாமி பிறந்ததிலிருந்து யாரிடமும் கேட்டிராத ஒன்று அது. போனை வாயருகே கொண்டுபோனான். “மாரியப்பா, எம்மேலதான் தப்பு. மனசுல வெச்சுக்காத சாமி.”

“சரிங்கண்ணா” என்றான் மாரியப்பன். கொஞ்சம் பொறுத்து, “அக்கா நெசமாலுமே ஓட்டுவாங்களா?” என்று கேட்டான். வேலுசாமி போனை வைத்தான்.

இம்தியாஸ் ஹார்ன் புரோகிராமை மட்டும் அழித்தான். மோடை என்ன செய்வது என்று கேட்டான். “அழிச்சாலும் சரி. இல்லாட்டி கேமத் திரும்பப் போட்டுட்டா அது தேடறத நிறுத்திக்கும்.”

அங்கம்மாள் தரையைப் பார்த்தாள். வேலுசாமி சுவரைப் பார்த்து, “போட்டுடு தம்பி” என்றான்.

அடுத்த திங்கட்கிழமை தெருவில் ஹார்ன் கேட்டது. வேலுசாமி கட்டிலிலிருந்து எழுந்து முதலில் கம்ப்யூட்டரைத்தான் பார்த்தான். அது அணைந்து கிடந்தது. வாசலில் நிஜ வண்டி நின்றது, நெற்றி நிறையப் பொட்டும் பூவுமாக. மாரியப்பன் இறங்கிவந்து, சாவியை வேலுசாமியிடம் நீட்டவில்லை. அவனைத் தாண்டி வந்து அங்கம்மாளிடம் நீட்டினான்.

“வண்டிய நிறுத்தற ஷெட்டு வரைக்கும் நம்ம காடுதானுங்க்கா, ரோடு இல்ல. நானு பக்கத்துல உக்காந்துக்கறேன். மெதுவா ஓட்டுங்க.”

அங்கம்மாள் சாவியை வாங்காமல் புருசனைப் பார்த்தாள். வேலுசாமி நொண்டிக்கொண்டே போய், வண்டி போகும் வழியில் கட்டியிருந்த எருமையை அவிழ்த்து அந்தப் பக்கம் கட்டினான்.