பதினாலு மணி டியூட்டி

தம்புசாமி செத்துப்போகவில்லை. அதை முதலில் எழுது என்று பேத்தியிடம் சொல்லிவிட்டேன், ஏனென்றால் எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்தில் பாதிப் பேர் அவரை இறந்தவராகவே பேசுகிறார்கள். எங்கள் ஃப்ளாட்டில் ஆறாவது மாடி, எனக்கு அடுத்த கதவு. ரயில்வேயில் முப்பத்தைந்து வருடம் சிக்னல் பார்த்தவர். நான் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள். எண் மட்டும் தெரியும், அதுவும் பஸ் நம்பர் பார்த்துப் பழகியது. கிளினிக் கார்டு, லைட் பில், எது வந்தாலும் அவரிடம்தான் நீட்டுவேன். "இதுக்கெல்லாம் ஃபீஸ் உண்டுக்கா, ஒரு டம்ளர் டீ" என்பார். குடித்துவிட்டுச் சர்க்கரை பத்தவில்லை என்று குறை வேறு.

மறதி வந்து மூன்று வருடம் ஆகிறது. நிமிஷத்துக்கு ஒருதரம், "கலா, மணி என்ன?" என்று கேட்பார். அவர் மனைவி சந்திரகலா அடுப்படியிலிருந்து சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள். சுவர்க் கடிகாரத்தை அவர் பார்க்க மாட்டார். பார்வையெல்லாம் கூடத்திலிருந்த கம்ப்யூட்டர் மேல்தான். சுபாங் ஜெயாவில் இருக்கும் மகன் முகுந்தன் அந்தப் பழைய பெட்டியில் லினக்ஸ் என்று பாரமில்லாத ஏதோ புரோகிராம் போட்டு, அப்பாவுக்குப் பாட்டு ஓட விட்டுப் போயிருந்தான். திரையின் கீழ் மூலையில் கடுகளவு மணி ஓடும்.

மகன் போனில் சொல்லிக்கொடுக்க, சந்திரகலா மவுஸின் வலது பட்டனை அந்த மணிமேல் அழுத்தினாள். ஒரு கட்டம் திறந்தது. அதில் ஒரு வரி: கடையில் தள்ளுபடிக்குப் போடுவார்களே, இரண்டு முட்டைக்கு நடுவே சாய்ந்த கோடு, அந்தக் குறி, பக்கத்தில் ஒரு எழுத்து. அந்த எழுத்தை மாற்றினால் மணி காட்டும் விதம் மாறுமாம். எண்களைப் பெரிதாக்கினாள், விநாடியை எடுத்தாள், ரயில்வே கணக்குப்படி இருபத்து நாலு மணிக்கு வைத்தாள். மத்தியானம் ஒன்றரை, 13:30 என்று வந்தது.

தம்புசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். "இப்பதான் ஒழுங்கா காட்டுது" என்றார். அன்று முழுக்க அவர் மணி கேட்கவேயில்லை. சந்திரகலா என் கையைப் பிடித்துக்கொண்டு சந்தோஷத்தில் அழுதாள்.

மறுநாள் 13:30 ஆனதும் சட்டையை மாட்டிக்கொண்டு, "பதினாலுக்கு டியூட்டி, கலா" என்று கிளம்பிவிட்டார். அவள் குளியலறையில் இருந்தாள். டிராவர்ஸ் ரோட்டில் லோரிகளுக்கு நடுவே நின்று, கையை உயர்த்தி அவற்றை நிறுத்திக்கொண்டிருந்தவரை, நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு விற்கும் மலாய்க்காரம்மா இழுத்துவந்து உட்கார வைத்திருந்தாள்.

"மணியையே எடுத்துடப் போறேன்க்கா" என்றாள் சந்திரகலா. "அந்தக் குறி இல்லாம எதை எழுதினாலும் அப்படியே காட்டுமாம்."

"என்ன எழுதப் போற?"

"இன்று விடுமுறைன்னு."

"வேணாம் லா. பொய்யை அவர் கண்ணு முன்னாடி மாட்டாதே."

"லோரி அடிச்சா நீங்க வந்து அள்ளுவீங்களா?"

அவள் கேட்டது நியாயம்தான். ஆனாலும் கோபித்துக்கொண்டு மூன்று நாள் அந்தப் பக்கம் போகவில்லை. நான் அப்படித்தான்.

அவள் நினைத்தது பலித்தது. தினமும் திரையில் அந்த விடுமுறையைப் பார்ப்பார், உட்கார்ந்துவிடுவார். சட்டையைத் தேடவில்லை. பிறகு சவரமும் வேண்டாமென்றார். சோறும் பாதியில் நின்றது. ஐந்து வாரம் கழித்து ஒரு மத்தியானம் டீ கொண்டுபோனேன். என் காதருகே குனிந்தார்.

"அக்கா, ஆபீஸ்ல கேட்டுச் சொல்லுங்க. என்னய வேலைய விட்டுத் தூக்கிட்டாங்களா? நான் ஒரு நாளும் லேட்டா போனதில்லயே."

அடுப்படியில் சந்திரகலாவுக்கும் கேட்டுவிட்டது. ஈரக்கையோடு வந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். எழுதியதை அழித்தாள். முட்டைக் குறியைத் திரும்பப் போட்டாள்.

"டியூட்டிக்குப் போகட்டும்க்கா. நான் பின்னாடியே நடக்கிறேன்."

"நீ மட்டும் ஏன்? ஸ்டேஷன் வரைக்கும் மூணு பேரும் போயிட்டு வருவோம். எனக்கென்ன வேலை கிடக்கு?"

அப்போதே சட்டையை எடுத்து நாற்காலியில் போட்டாள். திரையில் 13:30 என்று பெரிதாக வந்தது. தம்புசாமி பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். எழுந்து கிட்டே போனார். பிறகு, நான் கிளினிக் கார்டை நீட்டும்போது வைப்பேனே, அதுபோல அந்த எண்கள்மேல் விரலை வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அக்கா, இதுல என்ன எழுதியிருக்கு?"

சந்திரகலா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நான்தான் படித்துச் சொன்னேன்.

"பதிமூணு முப்பது, தம்பி. டியூட்டிக்குப் போகணும்."

"யாரு?" என்றார்.