காளி வேஷமும் கலியாணப் பட்டும்

போன வாரம் பாளையங்கோட்டைக் கடைத்தெருவில் பத்ரகாளி ஒருத்தி கூட்டத்தில் மாட்டிக்கொண்டு திருதிருவென்று முழித்ததை உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். பார்த்தவர்கள் தயவுசெய்து வெளியே சொல்ல வேண்டாம். அது நான்தான்.

எங்கள் வாசகசாலையில் குமாஸ்தாக்கள், வாத்தியார்கள், இரண்டொரு வக்கீல்கள் சாயங்காலம் கூடிப் பேப்பர் படிப்போம். படிப்பு கொஞ்சம், வம்பு அதிகம். வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் கிளப்பில் ஆளுக்கொரு வேஷம் போட்டுக்கொண்டு விருந்து சாப்பிடுகிறார்களாம் என்று வக்கீல் சங்கரலிங்கம் ஒருநாள் சேதி கொண்டுவந்தார். நாம் மட்டும் என்ன குறைச்சல்? விஜயதசமியன்று வாசகசாலையில் வேஷ விருந்து என்று முடிவாயிற்று. வீட்டிலிருந்தே வேஷத்தோடு வர வேண்டும். நல்ல வேஷத்துக்கு பிரைஸ் உண்டு. ஏற்பாடுகளுக்கு செக்ரட்டரி – வேறு யார், ஆபீஸ் விட்டால் வேறு வேலையற்ற அடியேன்!

எல்லோரும் ராஜா வேஷத்துக்கே அடித்துக்கொண்டார்கள். ஆபீசில் நாளெல்லாம் கைகட்டி நிற்பவனுக்கு வேறென்ன ஆசை வரும்? எல்லோரும் ராஜா என்றால் சுண்டல் பரிமாறுவது யார் என்று கேட்டேன். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் காளி என்று தீர்மானித்தேன். முகத்தில் மை பூசிவிட்டால் ஆள் அடையாளம் தெரியாது. எங்கள் ஹெட் குமாஸ்தாவைச் சூலத்தால் ஒரு குத்து... விளையாட்டுக்குத்தான்.

காளிக்குச் சிவப்புப் பட்டு வேண்டுமே! என் மனைவி பகவதியின் கலியாணப் பட்டு பெட்டியில் சும்மாதானே கிடக்கிறது?

“நீங்க கூத்தடிக்கவா எங்க அய்யா எனக்குப் பட்டு எடுத்தாவ?” என்றாள்.

“ஒரு நாளைக்குத்தானே?”

“ஒரு நாளும் கிடையாது.”

அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. “உங்க அய்யா எடுத்த பட்டு பெரிய பட்டாக்கும்! தண்ணி பட்டா சாயம் போற சரக்கு” என்று வாயை விட்டேன். மறுநாள் காலையில் பெட்டியோடு சேரன்மகாதேவிக்கு, பிறந்த வீட்டுக்கு வண்டி ஏறிவிட்டாள்.

போனவளுக்கு வரத் தெரியும் என்று வீறாப்பாக இருந்தேன். நவராத்திரி முழுக்க நானே பொங்கி நானே தின்றேன். வெண்கலப் பானை அடிப்பிடித்துக் கரியாகிப் போயிற்று. வீட்டுக்குள் பேச ஆளில்லை. அவள் வராமலே இருந்துவிடுவாளோ என்று உள்ளூரப் பயம். சங்கரலிங்கத்திடம் மட்டும், “நிம்மதியா இருக்கேன் வே” என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

விஜயதசமியும் வந்தது. நாடகக்காரரிடம் இரவல் வாங்கிய சிவப்புச் சேலை, தகரக் கிரீடம், தோளில் மரக்கைகள், பல்லில் கடித்துக்கொள்ள அட்டை நாக்கு... சூலத்தோடு தெருவில் இறங்கினேன்.

எல்லாவற்றையும் யோசித்த செக்ரட்டரி ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. தசராவுக்கு நம் பக்கத்தில் வேஷம் கட்டுகிறவன், நேர்ந்துகொண்டு விரதமிருந்து கட்டுகிறவன். ஆத்தாளே வந்திருக்கிறாள் என்று ஜனங்கள் காலில் விழுந்து வாக்குக் கேட்பார்கள். துரைமார் கிளப்பையே நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இது மறந்தே போயிற்று!

கடைத்தெருவில் நாலு எட்டு வைப்பதற்குள், “ஆத்தா வந்துட்டாடோய்!” என்று ஒரு குரல். பெண்கள் குலவையிட்டார்கள். காலில் மஞ்சள் தண்ணீர். கையில் ஒரு திருநீற்றுத் தட்டு. விரதமா? காலையில்தான் மூக்குமுட்ட இட்லி தின்றிருந்தேன். இது வெறும் விளையாட்டு என்று சொன்னால் ஆத்தாளைக் கேலி செய்தேன் என்று உதை விழும். பேசாமல் திருநீறு போட ஆரம்பித்தேன்.

கூட்டத்தைத் தாண்ட முடியாமல் மாட்டுவண்டி ஒன்று நின்றது. அதிலிருந்து இறங்கியவள்... பகவதி!

நேரே வந்து காலில் விழுந்தாள். என் இடது காலில் சுண்டுவிரல் பக்கத்து விரல் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து கையெடுத்துக் கும்பிட்டாள்.

“ஆத்தா, எனக்கொரு வாக்கு சொல்லணும். எங்க வீட்டு அவுக கோவம் வந்தா எங்க அய்யாவை இழுத்துப் பேசுதாவ. என் பட்டையும் கேக்காவ. நான் வீட்டுக்குப் போகவா, இப்படியே வண்டியத் திருப்பவா?”

கூட்டம் என் வாயையே பார்த்தது. அட்டை நாக்கைக் கழற்றினேன்.

“வீட்டுக்குப் போ மகளே. இனிமே பேசமாட்டான்” என்றேன், கீச்சுக் குரலில்.

“பட்டு?”

“தொடமாட்டான்.”

“நான் இல்லாம பானையெல்லாம் அடிப்பிடிச்சுக் கெடக்கும். அதை ஆரு தேய்ப்பா?”

“அவனேதான் தேய்ப்பான், தாயி!”

“ஆத்தா சரியாச் சொல்லிட்டா!” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார் மளிகைக்கடை அண்ணாச்சி. மறுபடியும் குலவை. பகவதி திருநீறு வாங்கக் குனிந்தபோது எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “பைய வீட்டுக்கு வாங்க. கிரீடம் சரியுது” என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மை வழிகிறது என்று ஜனங்கள் நினைத்திருப்பார்கள்.

வாசகசாலைப் பக்கமே போகவில்லை. சுண்டல் பானை முன்னால் ராஜாக்கள் பிடிவாதமாக உட்கார்ந்தே இருந்தார்களாம்.

சாம்பலும் கையுமாகப் பானை தேய்க்கும்போதுதான் எனக்கு உறைத்தது. வண்டி எங்கள் வீட்டைப் பார்த்துத்தானே வந்துகொண்டிருந்தது? “வர்றவ எதுக்கு வாக்குக் கேட்ட?” என்றேன்.

“நீங்க சொன்னா நீங்களே மறந்துருவீங்க. ஆத்தா சொன்னா ஊரே ஞாபகம் வச்சிருக்கும்லா?”

நேற்று மளிகைக்கடைக்குப் போனேன். அண்ணாச்சிக்கு அந்த ஆத்தா யாரென்று தெரியாது. அந்த ‘அவன்’ யாரென்று நன்றாகத் தெரியும். கேட்காமலே ஒரு பொட்டலம் மடித்து நீட்டினார்.

“இந்தாரும், பானை தேய்க்கப் புளி. ஆத்தா வாக்கு பொய்க்கப்படாதுல்லா வே?”